தாத்தாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் ஒரு குட்டி கூட்ஸ் யார்டு: ஐந்தடிப் பலகையில் மாடல் ரயில் அமைப்பது எப்படி?

பெட்டியோடு வாங்கும் ரயில் செட் முட்டை வடிவத் தடத்தில் சுற்றிச் சுற்றி வரும். முதல் நாள் வீடே கூடி நிற்கும். பத்தாம் நாள் அது பரணில் இருக்கும். ரயில்மேல் பிரியம் குறைந்துபோவதால் அப்படி ஆவதில்லை. சுற்றும் ரயிலில் ஒருவருக்குத்தான் வேலை, அதுவும் ஒரு குமிழைத் திருகும் வேலை. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

வேகன்களைப் பிரித்து வரிசையாகக் கோக்கும் ஷண்டிங் யார்டு அப்படியில்லை. எட்டு வேகன், ஒரு குட்டி இன்ஜின், இரண்டு பாயிண்ட் (ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடம்), மூன்று லைன். ஒருவர் இன்ஜினை ஓட்ட, இன்னொருவர் பாயிண்ட் போட்டு, வேகன்களை இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி, கைகாட்ட வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் ஆட்டமே நடக்காது. வடசென்னைக்கு இது இன்னும் பொருந்தும். லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ், ரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எஃப்., துறைமுகம், கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு என்று ஏதோ ஒன்றில் வேலை பார்த்தவரோ, அதன் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவரோ இல்லாத தெரு இந்தப் பக்கம் குறைவு. தாத்தாவுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையைத்தான் பலகைமேல் கொண்டுவரப் போகிறோம்.

அளவுக் கணக்கு

கடையில் எளிதாகக் கிடைப்பது ஹெச்.ஓ. அளவு: உண்மையில் 87 அடி, மாடலில் 1 அடி. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. இதைவிடச் சின்னது ‘என்’ (N) அளவு. 160-க்கு ஒன்று, இடைவெளி 9 மி.மீ. வீடு சின்னது என்று பலர் ‘என்’ அளவை வாங்குகிறார்கள். எழுபது வயதுக்காரருடன் சேர்ந்து செய்வதற்கு அது தோதில்லை. வேகனைத் தண்டவாளத்தில் ஏற்றி வைக்கவே கண்ணும் கையும் போராடும். ஹெச்.ஓ.வே போதும்.

சுத்துத் தடம் ஏன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 245 மி.மீ. வண்டி நீளத்தைப்போல இரண்டரை மடங்காவது வளைவின் ஆரம் இருந்தால்தான் பெட்டி அசிங்கமாக வெளியே பிதுங்காமல் திரும்பும். அப்படியானால் ஆரம் 613 மி.மீ., விட்டம் நாலடிக்கு மேல். ஓரத்தையும் சேர்த்தால் நாலரை அடி அகலப் பலகை. அதைக் கூடத்தில் போட்டால் கட்டிலை வாசலில்தான் போட வேண்டும். நான்கு சக்கர கூட்ஸ் வேகன் கப்ளிங்கோடு சுமார் 100 மி.மீ.தான். ஒரு யார்டே ஐந்தடிக்கு ஓரடியில் அடங்கிவிடும்.

ரயில்வேக்காரத் தாத்தா ஒரு குறையை உடனே கண்டுபிடிப்பார்: “என்னடா, லைன் ஒடுக்கமா இருக்கு?” அவர் சொல்வது சரி. நம் பிராட்கேஜ் 1,676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும், கடைத் தடம் 16.5தான். அது ஐரோப்பிய, அமெரிக்க அகலமான 1,435 மி.மீ.க்கு ஏற்றது. இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாது என்பவர்கள் 100-க்கு ஒன்று என்ற அளவில் வேகன் உடலையும் கட்டடங்களையும் கையாலேயே செய்துகொள்ளலாம். அந்த அளவுக்கு 16.5 மி.மீ. தடம் கிட்டத்தட்டக் கச்சிதம்.

கடைக்குப் போவதற்கு முன்

எதையும் வாங்காதீர்கள். முதலில் இடத்தையும் ஆண்டையும் முடிவு செய்யுங்கள். “எந்த ஸ்டேஷன் பிடிக்கும்?” என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும். “அந்த யார்டுல தண்ணி குழாய் எங்க இருந்தது? டீக்கடை எந்தப் பக்கம்? ராத்திரி ஷிப்ட்ல வெளிச்சம் எப்படி?” என்று கேளுங்கள். ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தைக் கொடுத்து, ஞாபகத்தில் இருப்பதை வரையச் சொல்லுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. சுவரின் நிறமும் வேப்பமரம் நின்ற இடமும் அந்தத் தாளில்தான் கிடைக்கும்.

பேச்சு நகரவில்லை என்றால் நேரில் போய்ப் பார்க்கலாம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷனின் தூண்களுக்குக் கீழே அரை மணி நேரம் நின்றால் போதும். ஐ.சி.எஃப்.பை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்தில் பழைய இன்ஜின்களும் பெட்டிகளும் நிற்கின்றன. அங்கே வெயில் தாழ்ந்த பிறகு கூட்டிப் போங்கள். லோகோ ஒர்க்ஸில் இருந்தவர் என்றால், 1855-இல் கட்டிய இ.ஐ.ஆர்.-21 நீராவி இன்ஜினை அங்கே மறுபடி ஓடவைத்த கதையை எடுத்தால் போதும், மீதியை அவரே சொல்வார்.

ஆண்டு ஏன் முக்கியம்? இந்த ஆட்டத்துக்கு நான்கு சக்கர வேகன் வேண்டும். அவை யார்டுகளில் நிறைந்து கிடந்தது, நீளமான எட்டுச் சக்கர போகி வேகன்கள் பெருகுவதற்கு முந்தைய காலம். 1970-கள் என்று வைத்துக்கொண்டால் நீராவியும் டீசலும் ஒன்றாக நிற்கலாம். இன்ஜின் எது வாங்கினாலும் தப்பாகாது. சித்தரஞ்சனில் கட்டிய டபிள்யூ.டி.எஸ்.-4 போல ஆறு சக்கரமும் பக்கத்தில் தண்டுமாக இருக்கும் டீசல் ஷண்டர்தான் இந்தப் பலகைக்குக் கச்சிதம். வெளிநாட்டு ஆறு சக்கர ஷண்டர் ஒன்றை வாங்கி நம் நிறம் அடித்துக்கொள்ளலாம். நீளம் 150 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கீழே வரும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

பலகை

ஒரே பலகையாக ஐந்தடி வேண்டாம். இரண்டரை அடி நீளம் (762 மி.மீ.), ஓரடி அகலம் (305 மி.மீ.) என இரண்டு துண்டு. மேல்பக்கம் 9 மி.மீ. பிளைவுட். அடியில் 12 மி.மீ. பிளைவுட்டை 50 மி.மீ. அகலக் கீற்றுகளாக அறுத்து நாலு பக்கமும் சட்டம், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். ஒரு துண்டு இரண்டரை கிலோவுக்குள் நிற்கும். தாத்தாவே தூக்கி வைக்கலாம்.

பிளைவுட்டில் ஐ.எஸ்.710 (தண்ணீர் தாங்கும் மரைன் வகை) முத்திரை பார்த்து வாங்குங்கள். வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடைகளில் வெட்டுத்துண்டு கேட்டால் முழு ஷீட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் விலை குறைவு, வழவழப்பும் அதிகம். ஆனால் காசிமேட்டுக் காற்றில் ஒரு ஐப்பசி கார்த்திகை தாண்டினால் ஓரம் ஊதிப்போகும், தண்டவாளமும் அதோடு அலை அலையாக எழும். நல்ல பிளைவுட்டுக்கும் ஈரம் ஏறுவது ஓரத்தில்தான். ஆகவே அறுத்த ஓரங்களுக்கு இரண்டு கோட் பிரைமர், அதன்மேல் ஒரு கோட் எனாமல். அடிப்பக்கத்தையும் விடாதீர்கள்.

இரண்டு துண்டையும் இணைக்க 6 மி.மீ. போல்ட் இரண்டு, விங் நட் இரண்டு, 10 மி.மீ. மரமுளை இரண்டு. துளை போடும்போது இரண்டு பலகையின் முகப்புச் சட்டத்தையும் சேர்த்து கிளாம்பில் இறுக்கி, ஒரே தடவையில் இரண்டிலும் துளையுங்கள். தனித்தனியாக அளந்து துளைத்தால் ஒரு மி.மீ.யாவது தவறும். அந்த ஒரு மி.மீ.யில் ஒவ்வொரு வேகனும் தடம் புரளும்.

தடம் எங்கே எப்படி

இடது ஓரத்திலிருந்து அளந்து பலகைமேல் பென்சிலால் குறியுங்கள். 10 மி.மீ. தள்ளி டெட் எண்ட். அதிலிருந்து 490 வரை இழுப்பு லைன்: இன்ஜின் 150, மூன்று வேகன் 300, கொஞ்சம் இடைவெளி 30. இங்கே இன்ஜினும் மூன்று வேகனும்தான் நிற்க வேண்டும். நாலாவது வேகனுக்கு இடம் கொடுத்துவிட்டால் ஆட்டத்தின் ருசியே போய்விடும்.

490-இல் முதல் பாயிண்ட். சின்ன பாயிண்ட் ஒன்று சுமார் 185 மி.மீ. இருக்கும், 675-இல் முடியும். அதன் ஒரு கிளைதான் ஐந்து வேகன் நிற்கும் நீள லைன். மற்றக் கிளையில் 150 மி.மீ. நேர்த் தடம். பிறகு 825-இல் இரண்டாவது பாயிண்ட் தொடங்கி 1,010-இல் முடியும். அதிலிருந்து பிரியும் இரண்டு லைனிலும் மும்மூன்று வேகன்.

நடுவில் அந்த 150 மி.மீ. எதற்கு என்றால், பலகையின் மூட்டு 762-இல் வருகிறது. பாயிண்டை பாயிண்டோடு ஒட்டி வைத்தால் மூட்டு இரண்டாவது பாயிண்டின் வயிற்றில் விழும். பாயிண்டை அறுக்க முடியாது. நேர்த் தடம் நடுவில் இருந்தால் மூட்டு அதன்மேல் விழும்.

ஒவ்வொரு பாயிண்டும் முடிந்த இடத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி பவுலிங் மார்க். நிஜ யார்டில் பவுலிங் மார்க்கைத் தாண்டி வேகனை நிறுத்தினால் பக்கத்து லைனில் வரும் வண்டி உரசும், இங்கேயும் அப்படித்தான். இந்த 60 என்பது தோராயம். இரண்டு லைனிலும் ஒவ்வொரு வேகனை வைத்துத் தள்ளிப் பார்த்து, உரசாத இடத்தில் வெள்ளைக் கோடு போடுவது தாத்தாவின் வேலை. மூன்று வேகன் லைன்கள் 1,390 வாக்கில் முடிந்துவிடும். மீதி 135 மி.மீ. கட்டடத்துக்கு.

தண்டவாளம் பதிப்பது, மூட்டில் அறுப்பது

நிக்கல் சில்வர் தண்டவாளமே வாங்குங்கள். பித்தளையும் இரும்பும் கடற்கரைப் பக்கம் சீக்கிரம் கறுக்கும். கறுத்தால் கரண்ட் பாயாது. தடத்துக்கு அடியில் 2 அல்லது 3 மி.மீ. கார்க் தாள் விரித்தால் பிளைவுட் மத்தளம் மாதிரி அதிராது.

மூட்டில்தான் பலருக்கும் கை நடுங்கும். செய்முறை இதுதான். இரண்டு பலகையையும் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். தடம் மூட்டைக் கடக்கும் இடம் இரண்டு: நடுவிலுள்ள நேர்த் தடம், ஐந்து வேகன் லைன். ஒவ்வொரு இடத்திலும் மூட்டுக்கு இந்தப் பக்கம் 8 மி.மீ., அந்தப் பக்கம் 8 மி.மீ. தள்ளி, இரண்டு தண்டவாளத்துக்கும் நேர் கீழே ஒவ்வொரு பித்தளை ஸ்க்ரூ. ஓர் இடத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு. ஸ்க்ரூவின் தலை தண்டவாளத்தின் அடியை லேசாகத் தொட வேண்டும்; தூக்கக் கூடாது. இதைப் பலகை மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். அந்த இடத்து ஸ்லீப்பர் கட்டைகளை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஸ்க்ரூத் தலையை உப்புக் காகிதத்தால் தேய்த்து, ஃப்ளக்ஸ் தடவி, ஈயம் பூசுங்கள். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்திலும் பூசுங்கள். பிறகு 40 வாட் சால்டரிங் இரும்பை இரண்டும் சேரும் இடத்தில் வைத்து, ஈயம் பளபளவென்று ஓடியதும் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று வினாடி. அதற்குமேல் வைத்தால் பக்கத்து பிளாஸ்டிக் கட்டை உருகித் தண்டவாளம் சாயும். அக்கம்பக்கக் கட்டைகள்மேல் ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டால் பயமில்லை. எட்டும் ஆறியபிறகு, மெல்லிய ரம்பத்தால் மூட்டுக்கு நேராகத் தண்டவாளங்களை அறுங்கள். முழுத் தடமாகப் பதித்துவிட்டு அறுத்தால் இரண்டு முனையும் தானாக நேருக்கு நேர் நிற்கும். தனித்தனியாகப் பதித்துப் பொருத்தப் பார்த்தால் ஒருநாளும் நிற்காது.

பற்றவைக்கும் வேலையைக் கை உறுதியாக இருப்பவர் செய்யட்டும். தாத்தா ஒருகாலத்தில் ஃபிட்டராகவோ வெல்டராகவோ இருந்தவர் என்றால் இரும்பைப் பிடிக்க ஆசைப்படுவார். பலகையின் ஓரத்தில் மணிக்கட்டை ஊன்றிக்கொள்ள ஒரு மரக்கட்டை வையுங்கள், பாதி நடுக்கம் போய்விடும். ஜன்னல் திறந்திருக்கட்டும். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ.

கரண்ட்

தேவை 12 வோல்ட் டி.சி., 1 ஆம்பியர். கம்பெனி கன்ட்ரோலர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 12 வோல்ட் அடாப்டர், பி.டபிள்யூ.எம். மோட்டார் வேகக் கட்டுப்பாட்டு போர்டு, நடுவில் ஆஃப் உள்ள டி.பி.டி.டி. ஸ்விட்ச், 1 ஆம்பியர் ஃபியூஸ் ஆகியவற்றை வாங்கி நீங்களே கட்டலாம். ஸ்விட்சில் ஆறு கால் இருக்கும். நடு இரண்டும் தண்டவாளத்துக்கு. ஒரு முனையின் இரண்டும் போர்டின் வெளியீட்டுக்கு. அந்த இரண்டிலிருந்து எதிர்முனைக்குக் குறுக்காக இரண்டு கம்பி. இப்படியும் அப்படியும் தட்டினால் இன்ஜின் முன்னும் பின்னும் போகும். இன்ஜினில் கோர்லெஸ் மோட்டார் இருந்தால் மட்டும் இந்தப் போர்டு வேண்டாம். மலிவு போர்டுகளின் துடிப்பில் அந்த வகை மோட்டார் சூடாகும். 230 வோல்ட் பக்கம் எதையும் பிரிக்காதீர்கள். அடாப்டர் அடாப்டராகவே இருக்கட்டும்.

தண்டவாளத்தை இணைக்கும் குட்டித் தகடுகளை நம்பிக் கரண்ட் விடக் கூடாது. உப்புக்காற்றில் முதலில் கெடுவது அவைதான். ஒவ்வொரு தடத் துண்டுக்கும் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று எனக் கம்பி இறக்கி, பலகைக்கு அடியில் ஓடும் 1 சதுர மி.மீ. பிரதானக் கம்பியோடு சேருங்கள். இரண்டு பலகைக்கும் நடுவில் மாற்றிச் சொருக முடியாத இரண்டு முள் கனெக்டர் போட்டுவிடுங்கள்.

பாயிண்டில் இரண்டு தண்டவாளமும் குறுக்கிடும் ‘வி’ வடிவ மூக்கை ரயில்வேக்காரர்கள் கிராசிங் என்பார்கள். மாடல் கடையில் ஃபிராக். அது பிளாஸ்டிக்காக இருக்கும் வகையில் குட்டி இன்ஜின் மெதுவாக வரும்போது அங்கேயே நின்றுவிடும். ஷண்டிங் முழுக்க மெதுவான வேலை. ஆகவே மூக்கு உலோகமாக உள்ள வகையை வாங்கி, மூக்கிலிருந்து கிளம்பும் உள் தண்டவாளங்கள் இரண்டிலும் பிளாஸ்டிக் இணைப்பு போடுங்கள். மூக்குக்கு ஒரு ஸ்விட்ச் வழியாகக் கரண்ட் கொடுங்கள்: ஸ்விட்சின் நடுக்கால் மூக்குக்கு, மற்ற இரண்டு கால் சிவப்புக்கும் கறுப்புக்கும். பிளாஸ்டிக் இணைப்பை மறந்தால் பாயிண்ட் போட்டதும் ஷார்ட் ஆகும்.

அந்த ஸ்விட்சையும் பாயிண்டையும் ஒரே இழுப்பில் நகர்த்த சைக்கிள் ஸ்போக் போதும். ஸ்போக்கின் ஒரு முனையை வளைத்துப் பாயிண்டின் அசையும் கட்டையில் மாட்டுங்கள். நடுவில், பலகைக்கு அடியிலுள்ள சறுக்கு ஸ்விட்சின் குமிழில் துளையிட்டு அதன் வழியே விடுங்கள். மறுமுனை முகப்புச் சட்டத்தைத் துளைத்து வெளியே வரட்டும். அதில் அலமாரி டிராயரின் குமிழ் ஒன்றை மாட்டுங்கள். பாயிண்டுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் ஸ்போக்கை ‘ப’ மாதிரி ஒரு வளைவு வளைத்துவிட வேண்டும். பாயிண்டின் நாக்கு இரண்டு மூன்று மி.மீ.தான் நகரும், ஸ்விட்ச் அதைவிடக் கூடுதலாக நகரும். மிச்ச நகர்வை அந்த வளைவு வாங்கிக்கொள்ளாவிட்டால் நாக்கு பிய்ந்து வரும். நடுங்கும் விரலுக்கு இந்தப் பெரிய குமிழ் எவ்வளவு வசதி என்பது முதல் நாளே தெரிந்துவிடும். ஒரு குமிழ் மஞ்சள், ஒன்று வெள்ளை. கண்புரை இருக்கும் கண்ணுக்குக் கருநீலமும் கறுப்பும் ஒன்றுதான்.

வேகன்கள்

எட்டும் கடையில் வாங்கலாம். சக்கரத்தோடு அடிச்சட்டம் மட்டும் வாங்கி, மேலுடலை 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் செய்வது இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று வீதம் இரண்டு மாத வேலை. அட்டையில் செய்தால் இரண்டு பக்கமும் அரக்குப் பாலிஷ் அடித்த பிறகே பெயின்ட். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பக்கச்சுவர் வில்லாக வளையும்.

எடை முக்கியம். வேகன் ஒவ்வொன்றும் 50 முதல் 60 கிராம், எட்டும் ஒரே எடையில். லேசான வேகன் நடுவில் மாட்டி, பின்னாலிருந்து தள்ளும்போது அதுதான் முதலில் கவிழும். காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு கிடைக்கும், அளவும் பொருத்தம்தான். ஆனால் சின்னப் பிள்ளை கை வைக்கும் பொருளில் ஈயம் வேண்டாம். இரும்பு வாஷர்களைப் பெயின்டில் முக்கி ஒட்டுங்கள். தண்டவாளத்தின் நடுவே காந்தம் பதித்துக் கப்ளிங் கழற்றும் வகை என்றால் இரும்பும் ஆகாது, வேகனைக் காந்தம் இழுக்கும். பித்தளை வாஷர் போடுங்கள்.

கப்ளிங்கில் இரண்டு வகை. கொக்கி வகைக்கு, நுனி வளைத்த ஸ்போக் துண்டால் தூக்கிவிடலாம். விரல்கள் கோத்தது போன்ற வகைக்கு மூங்கில் குச்சியின் நுனியை உளிபோலச் சீவி, இரண்டுக்கும் நடுவே இறக்கித் திருகினால் கழன்றுவிடும். எட்டு வேகனிலும் ஒரே வகை இருக்க வேண்டும். குச்சியின் பிடியில் பழைய டென்னிஸ் பேட் கிரிப்போ துணியோ சுற்றித் தடிமனாக்குங்கள்.

வேகன் எண்ணைப் பக்கவாட்டில் நிஜ அளவில் எழுதினால் தாத்தாவால் படிக்க முடியாது. அழகு அழகாக இருக்கட்டும். கூரைமேல் 1 முதல் 8 வரை, விரல் நகம் அளவு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். கரி ஏற்றிய வேகனுக்கு இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு கைப்பிடி அடுப்புக்கரி வாங்கி இடித்துக்கொள்ளலாம். தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தினால் மடிப்பு நிஜம் மாதிரி விழும். இந்த வேலையை ஆயாவிடம் கொடுங்கள், முந்தானை மடித்த கை.

மண்ணும் ஜல்லியும்

யார்டு என்பது மெயின் லைன் மாதிரி ஜல்லி கூட்டிய மேடு கிடையாது. கரியும் எண்ணெயும் ஊறிய மண்ணில் கட்டைகள் பாதி புதைந்திருக்கும். அதனால் ஜல்லி கொஞ்சம் போதும். எம்-சாண்டை மாவு சல்லடையில் சலித்துத் தூசியை விட்டுவிடுங்கள். மேலே நின்றதை டீ வடிகட்டியில் சலித்து, அதில் இறங்கியதை எடுங்கள். அலசிக் காயவைத்து, ஒரு காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு மணலுக்குள் துழாவுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புத் தூளை எறிந்துவிடுங்கள். விட்டால் அது இன்ஜினின் மோட்டாருக்குள் போய் ஒட்டும்.

கடற்கரை மணல் இலவசம்தான், ஆனால் கூடாது. எவ்வளவு அலசினாலும் மிஞ்சும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தை அரிக்கும்.

மணலைத் தூவி, பிரஷ்ஷால் கட்டைகளுக்கு நடுவே ஒதுக்கி, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரைப் புகைபோலத் தெளியுங்கள். பிறகு ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து சொட்டு மருந்துக் குப்பியால் விடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். பாயிண்டின் நாக்கிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்துக்குப் பசையே போகக் கூடாது. ஒட்டிக்கொண்டால் பாயிண்டையே பெயர்க்க வேண்டிவரும். கோடையில் ஒரு நாள், மழை நாளில் இரண்டு நாள் காயட்டும்.

ஓரத்திலுள்ள 135 மி.மீ.யில் ஒரு கூட்ஸ் ஷெட் சுவர், முன்னால் ஒரு குழாய், வரிசையாக வைத்த பிளாஸ்டிக் குடங்கள். ஆள் உயரம் 19 மி.மீ. என்று வைத்துக்கொண்டு மற்றதைத் தாத்தாவின் படத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

ஆட்டம்

பலகையைச் சாப்பாட்டு மேசை உயரத்தில் வையுங்கள்; உட்கார்ந்தே ஆட வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், படிக்கும் கண்ணாடி தாத்தாவின் சட்டைப்பையில் இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், முதுகு பிடித்துக்கொள்ளும்.

ஐந்து வேகன் லைனில் ஐந்து, மூன்று வேகன் லைன் ஒன்றில் மூன்று. இன்னொரு லைன் காலி. சீட்டுக்கட்டில் ஒன்று முதல் எட்டு வரை எடுத்துக் கலைத்து ஐந்து சீட்டு இழுங்கள். சீட்டு வந்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகனையும் நீள லைனில் கோக்க வேண்டும். கையால் வேகனைத் தூக்கக் கூடாது. எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக அடுக்க 6,720 வழி உண்டு, தீராது.

தாத்தா யார்டு மாஸ்டர், நீங்கள் டிரைவர். வாயால் சொல்லக் கூடாது, கைகாட்டு மட்டும்தான். நிஜ ஷண்டிங் முறைப்படி, கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால் ‘என்னைவிட்டு விலகிப் போ’. உடம்புக்குக் குறுக்கே பக்கவாட்டில் ஆட்டினால் ‘என் பக்கம் வா’. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிச் சேர்த்துப் பிரித்தால் ‘கப்ளிங்குக்கு மெதுவா வா’. இரண்டு கையையும் நேரே மேலே நீட்டினால் ‘நில்’. காது மந்தமான தாத்தாவுக்கு இதைவிட நல்ல ஆட்டம் கிடையாது. தோள் வலி உள்ளவர் குட்டிப் பச்சைக்கொடி, சிவப்புக்கொடி வைத்துக்கொள்ளலாம்.

சுலபமாகிவிட்டால் பிரேக் வேன் ஒன்றைச் சேருங்கள். அது எப்போதும் கடைசியில்தான் நிற்க வேண்டும். மூன்று வேகன் லைனில் வேகன் ஒன்று குறையும், கஷ்டம் இரண்டு மடங்காகும்.

நின்றுபோனால், புரண்டால்

இன்ஜின் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் கோளாறு தடத்தில். எங்கே வேண்டுமானாலும் நிற்கிறது என்றால் சக்கரத்தில். டிஷ்யூ பேப்பரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின்மேல் போட்டு, இன்ஜினின் பாதியை அதில் ஏற்றிச் சக்கரத்தைச் சுழலவிடுங்கள். கறுப்புக் கோடு விழாமல் போகும்வரை. தண்டவாளத்துக்கும் அதே ஆல்கஹால்தான். உப்புக் காகிதம் போட்டால் கீறல் விழும், அந்தக் கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும்.

ஒரே வேகன் எல்லாப் பாயிண்டிலும் புரண்டால் சக்கரங்களின் உட்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். எல்லா வேகனும் ஒரே பாயிண்டில் புரண்டால் நாக்குக்கு அடியில் மணல் இருக்கும்.

தாத்தா ‘ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விடு’ என்பார். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் உறையும், அப்புறம் பிசினாகும். பிளாஸ்டிக்குக்கு ஆகும் என்று எழுதிய லேசான எண்ணெய், ஊசிமுனையில் ஒரு துளி, அச்சில் மட்டும்.

மின்வெட்டு வந்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரியை அடாப்டருக்குப் பதில் மாட்டலாம். அதே 1 ஆம்பியர் ஃபியூஸ் நடுவில் இருந்தே ஆக வேண்டும். ஃபியூஸ் இல்லாத பேட்டரி ஷார்ட் ஆனால் கம்பி உருகித் தீப்பிடிக்கும்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பலகையையும் முகத்துக்கு முகம் பார்க்க, நடுவில் 120 மி.மீ. உயர மரத்துண்டு வைத்து போல்ட் போட்டுப் பெட்டி மாதிரி மூடிவிடலாம். வேகன்களும் இன்ஜினும் தனி டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு. கட்டிலுக்கு அடியில் வைப்பது புரட்டாசி மாதம் வரைதான். ஐப்பசி பிறப்பதற்குள் பரணுக்கு ஏற்றிவிடுங்கள். வியாசர்பாடி பக்கம் தண்ணீர் எந்த ராத்திரி வாசலைத் தாண்டும் என்று சொல்ல முடியாது.